கையெழுத்துப் போட வீட்டில் ஆள் இல்லையா?



நமது மஹல்லாக்களில் கணவன், மனைவி இருவருமே காலையில் வேலைக்குக் கிளம்பிவிடும் குடும்பங்கள் பெருகிவிட்டன. ஒருவர் சானடோரியம் மெப்ஸ் வளாகத்துக்குப் போகிறார், இன்னொருவர் நாகல்கேணி தோல் தொழிற்சாலைக்கு. பாரிமுனைக்கும் தி.நகருக்கும் மின்சார ரயில் ஏறுபவர்கள் பலர். ஓ.எம்.ஆர். பக்கம் கம்பெனி பஸ் பிடிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தபால்காரர் தெருவுக்கு வருவது பகல் நேரத்தில். வீடு பூட்டியிருக்கிறது. கையெழுத்து வாங்க ஆள் இல்லாததால் கவரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகிறார். வெள்ளிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். ஜும்ஆ நேரத்தில் வீட்டிலும் ஆள் இல்லை, கடையிலும் ஷட்டர் இறங்கியிருக்கும்.

ஒரு புடவைப் பார்சல் திரும்பிப் போனால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் கையெழுத்துக் கேட்டு வருபவை பெரும்பாலும் அப்படிப்பட்டவை அல்ல. பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், ஏ.டி.எம். கார்டு, பல்கலைக்கழகச் சான்றிதழ், வக்கீல் நோட்டீஸ் ஆகியவைதான் அப்படி வருகின்றன. பாஸ்போர்ட் ஒன்று திரும்பிப் போனால் ஹஜ் விண்ணப்பத்தின் கடைசித் தேதி தப்பிவிடலாம். வளைகுடாவில் கிடைத்த வேலைக்கு விசா அடிக்கும் நாள் தள்ளிப் போகலாம். வக்கீல் நோட்டீஸ் திரும்பிப் போனால் என்ன ஆகும் என்பதைக் கீழே விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் அதைப் பற்றித்தான் தவறான எண்ணம் அதிகம்.

இதற்காக யாரும் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வீட்டில் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் ஆள் இல்லை என்ற காரணத்தால் மட்டும் ஒரு தபால் அன்றே அனுப்பியவருக்குத் திரும்பிவிடாது. தபால் நிலையத்தில் சில நாள்கள் வைத்திருப்பார்கள். அந்த நாள்களைக் கவனிக்காமல் விட்டால்தான் கை நழுவுகிறது.

பெயருக்கு வருவதும் முகவரிக்கு வருவதும்

முதலில் ஒரு மாற்றத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளைக்காரர் காலத்திலிருந்து நாம் "ரிஜிஸ்டர் தபால்" என்று சொல்லி வந்த தனிச் சேவை இப்போது இல்லை. 2025ஆம் ஆண்டில் தபால் துறை அதை ஸ்பீட் போஸ்ட்டுடன் இணைத்துவிட்டது. ஸ்பீட் போஸ்ட் என்பது 1986 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கிய சேவை. இரண்டுக்கும் அடிப்படையிலேயே ஒரு வித்தியாசம் இருந்தது. ரிஜிஸ்டர் தபால் ஆளுக்கு உரியது; கவரின் மேல் யார் பெயர் இருக்கிறதோ அவரிடமோ, அவர் எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்தவரிடமோதான் கொடுப்பார்கள். ஸ்பீட் போஸ்ட் முகவரிக்கு உரியது. அந்த வீட்டில் இருப்பவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம்.

2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய கட்டண முறையில் இந்த வித்தியாசம் அனுப்புகிறவரின் விருப்பமாக மாறியிருக்கிறது. ஸ்பீட் போஸ்ட் அனுப்பும்போது கூடுதலாக 5 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கட்டினால் "பதிவு" வசதி சேரும். அப்போது அது பெயருக்கு உரிய தபாலாகிவிடும். அதேபோல இன்னொரு 5 ரூபாயும் வரியும் கட்டினால் ஓ.டி.பி. வசதி கிடைக்கும். பெறுகிறவரின் கைப்பேசிக்கு வரும் எண்ணைத் தபால்காரரிடம் சொன்ன பிறகே கவர் கைக்கு வரும். மாணவர்களுக்கு ஸ்பீட் போஸ்ட் கட்டணத்தில் 10 சதவீதம் தள்ளுபடியும் உண்டு. கல்லூரிக்கு விண்ணப்பம் அனுப்பும் பிள்ளைகள் கவுண்டரில் கேட்டுப் பெறலாம்.

வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். யாராவது உங்களுக்கு ஒரு ஆவணம் அனுப்பப் போகிறார்கள் என்றால், எந்த முறையில் அனுப்புவது என்று நீங்களே சொல்லிவிடலாம். வீட்டில் வயதான உம்மாவோ மாமனாரோ பகலில் இருப்பார்கள் என்றால் பதிவு வசதி சேர்க்காத சாதாரண ஸ்பீட் போஸ்ட்டே போதும். அவர்களே வாங்கி வைப்பார்கள். யாருமே இருக்க மாட்டார்கள், ஆவணமும் முக்கியமானது என்றால் பதிவு வசதியோடு அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் போய் வாங்கும் வரை அது வேறு கைக்குப் போகாது. ஓ.டி.பி. வசதியை அவசரப்பட்டுச் சேர்க்கச் சொல்லாதீர்கள். கைப்பேசி உங்களிடம் அலுவலகத்தில் இருக்கும், தபால்காரர் வீட்டு வாசலில் நிற்பார். தொழிற்சாலைக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லாதவர்களுக்கு அது இன்னும் சிரமம்.

சீட்டும் ஏழு நாளும்

வீடு பூட்டியிருந்தால் தபால்காரர் ஓர் அறிவிப்புச் சீட்டைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போவது வழக்கம். அதைப் பிள்ளைகள் விளம்பர நோட்டீஸ் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அடுக்குமாடி என்றால் காவலாளியின் மேசையில் கிடக்கும். முதல் வேலையாக, அந்தச் சீட்டு எப்படி இருக்கும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் காட்டிவைக்க வேண்டும். வாசலில் ஒரு தபால் பெட்டி மாட்டுவதும் நல்லது. வாடகை வீட்டில் இருப்பவர்களும் ஆணி அடிக்காமல் கேட்டில் கம்பி கட்டித் தொங்கவிடலாம். பெட்டியின் மேல் வீட்டிலுள்ள எல்லோருடைய பெயரும் இருக்கட்டும், குறிப்பாகப் பெண்களின் பெயர். "அப்படி ஒருவர் இந்த வீட்டில் இல்லை" என்று கீழ்வீட்டுக்காரர் சொல்லிவிடுவதால் திரும்பும் கவர்கள் பெரும்பாலும் திருமணமாகி வந்த மருமகள்களின் பெயருக்கு வந்தவைதான்.

சீட்டு வந்த பிறகு கவர் தபால் நிலையத்தில் காத்திருக்கும். வழக்கமாக ஏழு நாள்கள் வைத்திருந்துவிட்டு அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார்கள். ஏழு நாள் என்பது கேட்க நிறைய இருப்பது போலத் தோன்றும். நடுவில் ஒரு ஞாயிறும் ஒரு பண்டிகை விடுமுறையும் வந்தால் ஐந்தாகிவிடும். சனிக்கிழமை தபால் நிலையங்களுக்கு வேலை நாள் என்பதால் அன்று போவது பலருக்கு வசதி. சீட்டு, ஒரிஜினல் அடையாள அட்டை, கண்காணிப்பு எண் ஆகிய மூன்றும் கையில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். சீட்டு தொலைந்திருந்தாலும் எண் இருந்தால் தேடிக் கொடுக்க முடியும்.

கண்காணிப்பு எண் என்பது 13 இலக்கம் கொண்டது. ஸ்பீட் போஸ்ட்டுக்கு அது 'இ' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி 'ஐ.என்.' என்ற இரண்டு எழுத்துகளில் முடியும். அனுப்பியவரிடம் ரசீதைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொன்னால் போதும். இந்தியா போஸ்ட் இணையதளத்தில் அந்த எண்ணைத் தட்டினால் கவர் எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். 1800 266 6868 என்ற கட்டணமில்லாத எண்ணிலும் கேட்கலாம்.

எந்த அலுவலகம் என்பதை ஏன் அழுத்திச் சொல்கிறோம் என்றால், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தபால் நிலையத்தில்தான் உங்கள் கவர் இருக்கும் என்று நிச்சயமில்லை. எல்லாத் தபால் நிலையங்களிலிருந்தும் பட்டுவாடா நடப்பதில்லை. சில இடங்களில் கவுண்டர் வேலை மட்டும்தான் நடக்கும். உங்கள் தெருவுக்கான தபால்காரர் வேறோர் அலுவலகத்திலிருந்து கிளம்புவார். சீட்டில் இருக்கும் முத்திரையையோ இணையதளத்தில் காட்டும் பெயரையோ பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். அரை நாள் லீவு போட்டு தவறான அலுவலகத்தில் வரிசையில் நிற்பது வேண்டாம்.

காலையில் தபால்காரர் தன் கவர்களைத் தெருவாரியாக அடுக்கிக்கொண்டு கிளம்புவதற்குள் போய்ச் சேர்ந்தால் நேரடியாகவே வாங்கிவிடலாம். முதல் நாள் இரவே இணையதளத்தில் பார்த்து, கவர் பட்டுவாடா அலுவலகத்துக்கு வந்துவிட்டது என்று தெரிந்தால், மறுநாள் காலை ரயில் ஏறும் முன் அங்கே போய்க் கேளுங்கள். கவுண்டரில் நேரில் வாங்கிக்கொள்வது புதிய வழக்கம் அல்ல, தபால் ஊழியர்களுக்குப் பழகிய விஷயம்தான்.

முகவரி எழுதும் நேரத்தில்

திரும்பிப் போகும் தபால்களில் ஒரு பங்கு, ஆள் இல்லாததால் திரும்புவதில்லை, முகவரி சரியில்லாததால் திரும்புகிறது. நம் பகுதியில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை பேரூராட்சிகளும் ஒன்றாயின. ஒவ்வோர் ஊரிலும் ஒரு காந்தி தெரு, ஓர் அண்ணா தெரு, ஒரு பாரதியார் தெரு இருந்தது. இப்போது அத்தனையும் ஒரே மாநகராட்சிக்குள். "காந்தி தெரு, தாம்பரம், சென்னை" என்று மட்டும் எழுதினால் எந்தத் தபால்காரர் கண்டுபிடிப்பார்?

நகரின் பெயரும் பின்கோடும்தான் இங்கே காப்பாற்றுகின்றன. மேற்குத் தாம்பரம் 600045, கிழக்குத் தாம்பரம் 600059. நடுவில் ஓடும் ரயில் பாதையின் எந்தப் பக்கம் நீங்கள் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. சானடோரியம் 600047, குரோம்பேட்டை 600044, பல்லாவரம் 600043, பம்மல் 600075, சிட்லபாக்கம் 600064, சேலையூர் 600073, பெருங்களத்தூர் 600063. ஆதாரில் ஒரு பின்கோடும் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இன்னொன்றும் இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. பழைய கதவு எண், புதிய எண் இரண்டையும் எழுதுங்கள். மாடி, வீட்டு எண் ஆகியவற்றை விடாதீர்கள். "பெரிய பள்ளிவாசல் அருகில்" என்ற ஒரு வரியும் பலனளிக்கும். முகவரியோடு கைப்பேசி எண் கட்டாயம். அதுவும் பகலில் எடுக்கக்கூடியவரின் எண்ணாக இருக்கட்டும்.

திரும்பிய தபாலின் மேல் ஓர் ஆங்கிலக் குறிப்பு இருக்கும், இணையதளத்திலும் அதுவே காட்டும். "டோர் லாக்டு" என்றால் வீடு பூட்டியிருந்தது. இன்னும் நேரம் இருக்கலாம், உடனே போங்கள். "இன்சஃபிஷியன்ட் அட்ரஸ்" என்றால் முகவரி போதவில்லை. அலுவலகத்துக்குப் போய் விளக்கினால் கொடுப்பார்கள். "லெஃப்ட் வித்தவுட் இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்" என்றால் தகவல் கொடுக்காமல் வீடு மாறிவிட்டார் என்று பொருள். பதினொரு மாத ஒப்பந்தத்தில் வீடு மாறிக்கொண்டே இருப்பவர்கள் பழைய வீட்டுப் பகுதியின் தபால் நிலையத்தில், இனி வரும் தபால்களைப் புது முகவரிக்குத் திருப்பிவிடும்படி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் இந்தக் குறிப்பு வராது. "அன்கிளைம்டு" என்றால் அறிவிப்பு கொடுத்தும் யாரும் வந்து வாங்கவில்லை. "ரெஃப்யூஸ்டு" என்றால் வாங்க மறுத்துவிட்டார். கடைசி இரண்டும் சட்டத்தின் கண்ணில் கனமான சொற்கள்.

பாஸ்போர்ட், உரிமம், வங்கி அட்டை

பாஸ்போர்ட் ஸ்பீட் போஸ்ட்டில்தான் வருகிறது. ஆனால் மற்ற ஸ்பீட் போஸ்ட் போல வீட்டில் இருப்பவரிடம் கொடுக்க மாட்டார்கள். விண்ணப்பதாரரின் அடையாளத்தைச் சரிபார்த்து அவர் கையில்தான் கொடுக்க வேண்டும் என்பது விதி. தபால்காரர் தம்பியிடம் கொடுக்க மறுத்தால் அவர்மீது கோபப்படுவதில் நியாயமில்லை. உங்கள் பாஸ்போர்ட் வேறொருவர் கைக்குப் போகாமல் இருப்பதற்காகத்தான் அந்த விதி. அனுப்பியதும் உங்கள் கைப்பேசிக்குக் கண்காணிப்பு எண்ணுடன் குறுஞ்செய்தி வரும். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து தினமும் ஒருமுறை நிலையைப் பாருங்கள், பட்டுவாடா அலுவலகத்துக்கு வந்த மறுநாள் காலையே நேரில் போய்க் கேளுங்கள்.

திரும்பிப் போனால் எங்கே போகும் என்பதிலும் குழப்பம் உண்டு. நாம் விண்ணப்பம் கொடுப்பது தாம்பரம் பாஸ்போர்ட் சேவா கேந்திராவில். ஆனால் பட்டுவாடா ஆகாத பாஸ்போர்ட் அண்ணா சாலை ராயலா டவர்ஸில் உள்ள மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்துக்குத் திரும்பும். தாம்பரம் கேந்திராவில் போய்க் கேட்டு நாளை வீணாக்காமல் 1800 258 1800 என்ற எண்ணில் கேட்டுவிட்டு, மண்டல அலுவலகத்தை அணுகுங்கள்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் தற்போது வசிக்கும் முகவரியைத்தான் கொடுக்க வேண்டும். போலீஸ் விசாரணையும் அங்கேதான் வரும். "பகலில் வீட்டில் ஆள் இல்லை, அதனால் மாமா வீட்டு முகவரியைப் போட்டேன்" என்று செய்தால் விசாரணை அறிக்கையே எதிராக வந்துவிடும். இதில் குறுக்கு வழி கிடையாது.

ஓட்டுநர் உரிமமும் வாகனப் பதிவுச் சான்றும் தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி 28 முதல் ஸ்பீட் போஸ்ட்டில் மட்டுமே அனுப்பப்படுகின்றன. தாம்பரம் ஆர்.டி.ஓ. அலுவலகமானாலும் மீனம்பாக்கம் அலுவலகமானாலும் நேரில் கேட்டால் கையில் தர மாட்டார்கள். திரும்பி வந்தாலும் அப்படித்தான். சரியான முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறையைக் கொடுத்தால் மறுபடியும் தபாலில்தான் வரும். ஆட்டோ, டாக்ஸி ஓட்டும் சகோதரர்களுக்கு இந்தத் தாமதம் பிழைப்பையே தொடும் விஷயம்.

ஏ.டி.எம். கார்டு கொஞ்சம் எளிது. கடிதத் தொடர்பு முகவரியை வங்கியில் மாற்றிக்கொள்ளலாம், பல வங்கிகளில் கிளைக்கே அனுப்பச் சொல்லி அங்கு போய் வாங்கலாம். விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

மற்றவர் கையில் கொடுக்கும்போது

பெயருக்கு உரிய தபாலை (பாஸ்போர்ட் தவிர) வேறொருவர் வாங்க அதிகாரக் கடிதம் கொடுக்கலாம். வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதலாம்: உங்கள் பெயர், முகவரி, தபாலின் எண், வாங்கப் போகிறவரின் பெயர், உங்களுக்கு அவர் என்ன உறவு, உங்கள் கையெழுத்து, தேதி. இருவருடைய அடையாள அட்டை நகலையும் இணைத்து, உங்கள் கைப்பேசி எண்ணையும் எழுதுங்கள். உங்கள் தெருவுக்கு வரும் தபால்காரருக்கு உங்களையும் அந்த நபரையும் தெரிந்திருந்தால் எல்லாம் சுலபமாகிவிடும். பெருநாளைக்கு அவர் வீட்டுக்கும் கொஞ்சம் பிரியாணி போகட்டும்.

பகலில் தனியாக இருக்கும் பெண்கள் அறிமுகமில்லாத ஆணுக்குக் கதவைத் திறக்கத் தயங்குவது இயல்பு. திறக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கிரில் கேட்டைப் பூட்டியபடியே கையெழுத்துப் போட்டு வாங்கலாம். சரிபடவில்லை என்றால் "அலுவலகத்தில் வந்து வாங்கிக்கொள்கிறோம், சீட்டு கொடுத்துவிட்டுப் போங்கள்" என்று சொன்னால் போதும். ஆனால் "வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது "வாங்க மறுத்தார்" என்று பதிவாகிவிடலாம்.

கடையில் வாங்கிய பொருள்கள், புத்தகங்கள் போன்றவற்றுக்குத் தனியார் கூரியர் வரும்போது அலுவலக முகவரியோ கடை முகவரியோ கொடுப்பது பெரும்பாலோருக்கு நல்ல வழி. முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், கம்பெனி பெயரோடு உங்கள் துறையையும் எழுதச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தில் ஓய்வுபெற்ற பெரியவர் யாராவது வாங்கி வைக்கச் சம்மதித்தால் இன்னும் நல்லது. அவர் வாங்கும் பொருள் அவரிடம் இருக்கும் அமானிதம். ஆகவே அவருக்குச் சங்கடம் வராதபடி நாம் நடந்துகொள்ள வேண்டும். என்ன வருகிறது, எப்போது வருகிறது, பணம் கட்ட வேண்டியதா என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பணம் கொடுத்து வாங்கும் பார்சலை அவர் தலையில் கட்டக் கூடாது. அன்று மாலையே போய் எடுத்துவர வேண்டும். வக்கீல் நோட்டீஸ், கோர்ட் சம்மன் போன்றவற்றை மட்டும் பக்கத்து வீட்டார் வாங்கி வைக்க வேண்டாம். வாங்கிய கையெழுத்துக்கு அவரும் பதில் சொல்ல வேண்டிய நிலை வரலாம்.

வாங்காமல் விட்டால் வழக்கு வராதா?

"அந்தக் கவரை வாங்காதே, வாங்கினால்தான் வழக்கு" என்று அறிவுரை சொல்லும் பெரியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் சட்டம் அப்படி இல்லை. 1897ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டம் 27ஆம் பிரிவின்படி, சரியான முகவரி எழுதி, கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டால், அது போய்ச் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு பெறுநருடையது. வீடு பூட்டியிருந்தது, கடை மூடியிருந்தது என்ற குறிப்போடு திரும்பிய நோட்டீஸையும் சார்பு செய்யப்பட்டதாகக் கொள்ளலாம் என்று 1996ஆம் ஆண்டிலேயே மத்தியப் பிரதேச அரசு எதிர் ஹீராலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. பகலில் வேலைக்குப் போவதால் வீடு பூட்டியிருந்த குடும்பத்துக்கும் இது பொருந்தும். நாம் வேண்டுமென்றே தவிர்க்கவில்லை என்பது உண்மையாக இருந்தாலும், அதைச் சொல்லி நிரூபிக்க வேண்டியவர் நாம்தான்.

காசோலை வழக்குகளில் இது நேரடியாகக் கடிக்கிறது. சிறு வியாபாரம் செய்யும் நம் சகோதரர்கள் கடனுக்குச் செக் கொடுப்பது சாதாரணம். செக் திரும்பினால், செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்படி பணம் வர வேண்டியவர், வங்கியிலிருந்து தகவல் கிடைத்த 30 நாள்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாள்களுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் அங்கேயே முடிந்துவிடும். குற்ற வழக்கே இல்லை. அந்தக் கவர் தாம்பரம் தபால் நிலையத்தில் ஏழு நாள் கிடந்து "அன்கிளைம்டு" என்று திரும்பினால் என்ன ஆகிறது? பணம் கட்டித் தப்பிக்கக் கிடைத்த அந்த 15 நாள்கள் நமக்குத் தெரியாமலே ஓடிவிடுகின்றன.

2007ஆம் ஆண்டு சி.சி. அலவி ஹாஜி எதிர் பாலப்பெட்டி முஹம்மது வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவுபடுத்தியது. சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தால் நோட்டீஸ் சேர்ந்ததாகவே கொள்ளப்படும். உண்மையிலேயே நோட்டீஸ் கிடைக்காதவருக்கும் ஒரு வாசலைத் திறந்து வைத்தது: நீதிமன்ற சம்மன் கிடைத்த 15 நாள்களுக்குள் செக் தொகையைக் கட்டிவிட்டு, புகாரைத் தள்ளுபடி செய்யக் கோரலாம். அப்படிக் கட்டாதவர், "எனக்கு நோட்டீஸ் வரவில்லை" என்று பிறகு வாதாட முடியாது. சம்மன் வந்த பிறகும் கவரைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருப்பவர் இந்த இரண்டாவது வாய்ப்பையும் இழக்கிறார்.

வீட்டுக் கடனுக்கும் இதே கதைதான். தவணை நின்றுபோய் வங்கி சர்ஃபாசி சட்டத்தில் நோட்டீஸ் அனுப்பினால் 60 நாள்கள் அவகாசம் உண்டு. அதற்குள் ஆட்சேபம் எழுதலாம், பேசிப் பார்க்கலாம். கவரை வாங்காததால் அந்த 60 நாள்கள் நின்றுவிடுவதில்லை.

ஆகவே எந்த நோட்டீஸாக இருந்தாலும் வாங்குங்கள். கையெழுத்துப் போட்டு வாங்குவதால் கடனை ஒப்புக்கொண்டதாக ஆகாது. கவர் கிடைத்தது என்பதற்கு மட்டும்தான் அந்தக் கையெழுத்து. வாங்கிய தேதியைக் கவரின் மேலேயே எழுதுங்கள், கவரைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். வக்கீல் வைக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலேயே இலவச சட்ட உதவி உண்டு, குறைந்த வருமானம் உள்ள ஆண்களுக்கும் உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.

நோட்டீஸ் அனுப்புகிறவர் நீங்களாக இருந்தால், ஸ்பீட் போஸ்ட்டுடன் பதிவு வசதியைக் கேட்டுச் சேர்த்து, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பட்டுவாடா ஆன விவரத்தை இணையதளத்திலிருந்து அச்செடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது.

"உங்கள் பார்சல் நிற்கிறது" என்று வரும் செய்திகள்

பகலில் ஆள் இல்லாத வீடுகளுக்கு வரும் ஏமாற்று வேலை ஒன்று உண்டு. "உங்கள் பார்சலை இரண்டு முறை கொண்டுவந்தோம், முகவரி சரியில்லை, 48 மணி நேரத்துக்குள் இந்த இணைப்பில் முகவரியைச் சரிசெய்யவும்" என்று இந்தியா போஸ்ட் பெயரில் குறுஞ்செய்தி வரும். இணைப்பைத் தொட்டால் சிறு தொகை கட்டச் சொல்லி கார்டு விவரம் கேட்கும். இது போலி என்று மத்திய அரசின் பி.ஐ.பி. உண்மை கண்டறியும் பிரிவு 2024ஆம் ஆண்டிலேயே எச்சரித்துவிட்டது. தபால் துறை இப்படி இணைப்பு அனுப்பி முகவரி கேட்பதில்லை. நாம் உண்மையிலேயே ஒரு பார்சலை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்தச் செய்தி வருவதால்தான் ஏமாந்துவிடுகிறோம்.

இன்னொரு வகை, டெலிவரி பையன் போலப் பேசி "உங்களைத் தொடர்புகொள்ள முடியவில்லை, *401* என்று அடித்து இந்த எண்ணைச் சேர்த்து டயல் செய்யுங்கள்" என்பது. அப்படிச் செய்தால் உங்களுக்கு வரும் அழைப்புகள் எல்லாம் அவனுக்குத் திரும்பிவிடும், வங்கி ஓ.டி.பி. அழைப்பும் சேர்த்து. தெரியாமல் செய்துவிட்டால் உடனே ##002# என்று டயல் செய்தால் அத்தனை திருப்பல்களும் ரத்தாகும்.

மூன்றாவதுதான் மிகக் கொடியது. பெரிய கூரியர் கம்பெனி என்று சொல்லி, "உங்கள் பெயரில் வெளிநாட்டுக்குப் போகும் பார்சலில் போதைப் பொருள் இருக்கிறது" என்று மிரட்டி, பிறகு போலீஸ் சீருடையில் ஒருவரை வீடியோ அழைப்பில் காட்டி, "டிஜிட்டல் கைது" என்று சொல்லிப் பணம் பறிக்கிறார்கள். இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்ற ஒன்றே கிடையாது. நம் பெயரைக் கேட்டதும் போலீஸ் சந்தேகப்பட்டுவிடுமோ என்ற பயம் நம் வீடுகளில் கூடுதலாக இருப்பதை இவர்கள் நன்றாகப் பயன்படுத்துகிறார்கள். அழைப்பைத் துண்டியுங்கள், வீட்டில் இன்னொருவரிடம் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் அன்றே, முடிந்தால் அந்த மணிக்குள்ளேயே, 1930 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கிவைக்க வாய்ப்பு அதிகம்.

உண்மையான தபாலா என்ற சந்தேகம் வந்தால் 13 இலக்க எண்ணைக் கேளுங்கள். அதை அவர் அனுப்பும் இணைப்பில் போட வேண்டாம். இந்தியா போஸ்ட் இணையதளத்துக்கு நீங்களாகப் போய்த் தட்டிப் பாருங்கள், அல்லது அறிவிப்புச் சீட்டோடு தபால் நிலையத்துக்கே போய்க் கேளுங்கள்.